பெயரைக் காப்பதா, பிள்ளையைக் காப்பதா?

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூறு ஆண்டுகளாக எமது சங்கம் கட்டடம் எழுப்பியது, நூலகத்துக்கு நூல்கள் வாங்கியது, வறிய பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வழங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடசாலையின் பெயரைக் காத்து வந்தோம். இன்று அந்தப் பெயரைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

பிள்ளை ஒருத்தி துன்புறுத்தப்படுகிறாளோ என்று ஓர் ஆசிரியைக்குச் சந்தேகம் எழும்போது, அவரது வாயை அடைப்பது பெரும்பாலும் அந்தப் பெயர்தான். “வெளியில் தெரிந்தால் பழைய மாணவிகள் என்ன சொல்வார்கள்?” என்ற தயக்கத்துக்கு நாமே பதில் சொல்ல வேண்டும்.

“உறுதியாகத் தெரியாமல் எப்படி முறையிடுவது?” என்பது அடுத்த தயக்கம். குற்றத்தை நிரூபிப்பது ஆசிரியையின் வேலையல்ல. பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்பதும், சந்தேகத்துக்குரியவரை அழைத்து முன்னால் நிறுத்துவதும் தீமையையே செய்யும். விசாரிக்க உரியவர்கள் இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உருவானது. அதன் 1929 என்ற இலக்கத்தை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

ஒன்ராறியோவில் கற்பிக்கும் எம் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. அங்கே நியாயமான சந்தேகம் இருந்தாலே ஆசிரியர் தாமே நேரடியாகச் சிறுவர் நலச் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அதிபரிடம் சொன்னதோடு கடமை தீராது. இந்தியாவின் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி, தமக்குக் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை அறிவிக்கத் தவறும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

பிள்ளையின் பெயர் ஊரெல்லாம் அடிபடுமே என்ற பெற்றோரின் அச்சம் நியாயமானது. அந்தப் பெயரைப் பரப்பாமல் இருப்பது எம் கையில் உள்ளது. எமது வாட்ஸ்அப் குழுக்களில் “யார் அந்தப் பிள்ளை?” என்ற கேள்வி ஒருபோதும் எழக் கூடாது.

ஆகவே இந்த நூற்றாண்டில் மூன்று உறுதிமொழிகளை எடுப்போம். பிள்ளை சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே திகதியிட்டு எழுதி, அன்றைக்கே அறிவிக்கும் நடைமுறையொன்றை எழுத்தில் வகுக்குமாறு பாடசாலையைக் கேட்போம். 1929 என்ற இலக்கத்தை ஒவ்வொரு வகுப்பறையிலும் விடுதியிலும் எழுதி வைப்போம். முறையிட்ட ஆசிரியை தனித்துவிடப்பட்டால், எமது சங்கம் அவர் பக்கத்தில் நிற்கும்.

பிள்ளைகளைக் காத்த பாடசாலை என்பதைவிடப் பெரிய பெயர் எமக்கு வேண்டியதில்லை.