சங்கராவுக்கு 20 நிமிடம்
காலாப்பட்டை ஒட்டிய பிள்ளைச்சாவடிக் கரையில் மீன் வாங்கினால் குழம்பு, இல்லையென்றால் வறுவல். இன்றைக்கு ஓவனில் சுட்டுப் பார்ப்போமே.

சங்கராவோ கொடுவாவோ, வெள்ளைச் சதை மீனாக அரை கிலோ. செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். செதில் உரசி, குடல் எடுத்து, முழு மீனாகவே இருபக்கமும் கீறுங்கள். பிறகு துணியால் ஈரம் போகத் துடையுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் மீன் சுடுபடாமல் அவிந்துபோகிறது. உப்பு, மிளகு, பூண்டு, கொஞ்சம் நல்லெண்ணெய் தடவுங்கள். புது மீனுக்கு மிளகாய்த்தூள் வேண்டாம் என்பது என் கட்சி. வீட்டில் சண்டை வந்தால் நான் பொறுப்பல்ல! எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள். முன்பே ஊறினால் சதை இறுகிவிடும்.

சூடேறிய ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் போதும். மீன் தசையில் இணைப்புத் திசு குறைவு, ஆட்டுக்கறி மாதிரி நேரம் பிடிக்காது. முதுகெலும்புப் பக்கம் கத்திமுனையால் நெம்புங்கள்: கண்ணாடி போலிருந்த சதை பால்வெள்ளையாகி, இதழ் இதழாகப் பிரிந்தால் இறக்கிவிடலாம்.

ஓவன் இல்லாதவர்கள் வாழையிலையில் பொதிந்து, தோசைக்கல்லில் சிறு தீயில் மூடிவைத்துப் புரட்டிப் போடுங்கள்.