வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரிக்க
(ஆண்டு விழா குடும்ப மாலையில் சபையின் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



நான் நர்ஸ் என்பதால் சர்க்கரை, பிரஷர் பற்றித்தான் பேசுவேன் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். பயப்படாதீர்கள். இன்று சிரிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சபை மேடையில் சிரிப்பா என்று யாராவது கேட்டால், ஈசாக்கு என்ற பெயரின் பொருளைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். நர்ஸ் படிப்பு லண்டனில். வேலை இங்கே ஹூஸ்டனில். மூன்று ஊரிலும் வீடுகளில் ஒரே சங்கடத்தைப் பார்த்திருக்கிறேன். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியைப் போட்டால், பத்து நிமிடத்திற்குள் யாராவது ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கும். அதனால் இப்போது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு ஹெட்போன். ஒரே வீட்டில் தனித்தனியாகச் சிரிக்கிறோம்.

இதற்கு ஒரு நல்ல வழி, சுத்தமான ஸ்டாண்ட்-அப் காமெடி ஆல்பங்கள். ஒருவர் மேடையில் நின்று பேசுவதையும் சபையோரின் சிரிப்பையும் அப்படியே பதிவு செய்வதுதான் காமெடி ஆல்பம். நம் ஊரில் சினிமா வசன கேசட் போட்டுக் கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு இது புதிதல்ல.

இதில் நம் ஹூஸ்டனுக்கும் ஒரு பங்கு உண்டு. 1960-இல், டைட்லேண்ட்ஸ் என்ற கிளப்பில், சிகாகோவில் கணக்கராக வேலை பார்த்திருந்த பாப் நியூஹார்ட் என்பவரின் பேச்சைப் பதிவு செய்தார்கள். அதுவரை அவர் எந்தக் கிளப் மேடையிலும் நின்றதில்லை. 'தி பட்டன்-டவுன் மைண்ட் ஆஃப் பாப் நியூஹார்ட்' என்று வெளிவந்த அந்த ஆல்பம், பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் காமெடி ஆல்பம். 1961-இல் பாட்டு ஆல்பங்களையெல்லாம் தாண்டி, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் அதற்கே கிடைத்தது. அவர் 2024-இல், 94 வயதில் காலமானார்.

அவர் செய்தது என்ன? போனில் பேசுவதுபோல் பேசுவார். எதிர்முனையில் இருப்பவர் பேசுவது நமக்குக் கேட்காது. உதாரணமாக, ஒரு விளம்பர ஆள் ஆபிரகாம் லிங்கனுக்குப் போன் செய்து கெட்டிஸ்பர்க் பேச்சைப் பற்றிப் பேசுகிறார். லிங்கனோ பேச்சின் ஆரம்பத்தில் '87 வருஷம்' என்று நேராகச் சொல்லிவிடலாமா என்று கேட்கிறார் போலிருக்கிறது. விளம்பர ஆள் பதறுகிறார். லிங்கனின் வார்த்தைகளை நாம்தான் மனதில் நிரப்பிக்கொள்ள வேண்டும். பள்ளியில் அந்தப் பேச்சைப் படித்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தாத்தாவுக்குப் புரியாவிட்டால் நிறுத்தி, பேரனே விளக்கிச் சொல்லலாம். டாலஸுக்குக் காரில் நாலு மணி நேரம் போகும்போது இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் கிடையாது.

கெட்ட வார்த்தை வந்தவுடன் கூட்டம் அதிர்ச்சியில் சிரித்துவிடும். அந்தக் குறுக்குவழி இல்லாதவர் அன்றாட வாழ்க்கையை உற்றுப் பார்க்க வேண்டும். ஜிம் காஃபிகன் ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன். சாப்பாட்டைப் பற்றியே மணிக்கணக்காகப் பேசுவார், எழுதுவதில் மனைவி ஜீனி கூட்டாளி. டென்னசிக்காரர் நேட் பர்காட்ஸி, கோமாளி வேடமும் மாஜிக்கும் செய்த அப்பாவின் மகன்; தன் மந்த புத்தியைத்தான் கேலி செய்வார்.

பிரையன் ரீகன் என்று இன்னொருவர். வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன கதை ஒன்று சொல்வார். வலிக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று நர்ஸ் கேட்க, எந்த எண்ணைச் சொன்னால் தன்னைக் கவனிப்பார்கள் என்று அவர் தவிக்கிற தவிப்புதான் நகைச்சுவை. நர்ஸ்மாருக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் நாங்கள் கேட்கிற கேள்வி அது. 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் மிகக் கொடிய வலி. நம் பெரியவர்களோ கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "பரவால்லம்மா, ஒரு மூணு போட்டுக்கோ" என்பார்கள். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர் வலியை மறைத்தால் மூச்சை இழுத்து விடமாட்டார், எழுந்து நடக்கமாட்டார். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வரை போகலாம். இதை நான் கை கட்டிப் பிரசங்கமாகச் சொன்னால் கேட்கமாட்டார்கள். அந்த ஆல்பத்தைக் கேட்டுச் சிரித்த பிறகு, "தாத்தா, நீங்க எத்தனை சொல்வீங்க?" என்று பேத்தி கேட்டால் உண்மை வெளியே வரும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கெட்ட வார்த்தை இல்லாததெல்லாம் சுத்தமானது என்று எண்ணிவிடாதீர்கள். நம் சினிமா நகைச்சுவையில் கறுப்பு நிறத்தையும், பருமனான உடம்பையும், திக்கிப் பேசுவதையும் எத்தனை முறை கேலி செய்திருக்கிறார்கள்! அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது. ஆனால் அதே நிறமும் அதே உடம்பும் உள்ள பிள்ளை நம் சோபாவிலேயே உட்கார்ந்து, கூடச் சிரிப்பதுபோல் நடித்துக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி ஓய்வறையில் நாங்களும் நிறையச் சிரிப்போம், சிரிக்காவிட்டால் அந்த வேலையைத் தாங்க முடியாது. ஆனால் நோயாளியைப் பற்றிச் சொல்வது எதுவானாலும் அவர் காது கேட்கச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்த சிஸ்டர் சொல்வார். வீட்டுக்கும் அந்த அளவுகோல் போதும்.

ஆகவே எந்த ஆல்பமானாலும் முதலில் நீங்கள் ஒருமுறை கேளுங்கள். ஒரே கலைஞரின் எல்லாப் பதிவும் ஒரே மாதிரி இருக்காது. பிறகு காரில், சமையலறையில், எல்லோர் காதிலும் விழும்படி போடுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஆச்சி பேசும் இங்கிலீஷைப் போலப் பேசிக்காட்டி நண்பர்களைச் சிரிக்க வைப்பது சுலபம். அதைச் செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக, இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரத்தில் நடந்த வேடிக்கையை ஆச்சியிடமே கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல போனில் பதிவு செய்யுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அந்தப் பதிவுகளை ஆச்சிமார், தாத்தாமார் சம்மதத்தோடு இதே மண்டபத்தில் போட்டுக் கேட்போம்.