ஆட்சி இழந்த பின்னும் அறிவு வளர்த்த அவை: தஞ்சை மராட்டியர் அரசவை குறித்த கருத்தரங்கின் தலைமை உரை



தஞ்சாவூரின் வரலாறு பேசப்படும்போது சோழர் பெயரே முதலில் ஒலிக்கிறது. அவர்களுக்குப் பின் நாயக்கர் சில பக்கங்களைப் பெறுகின்றனர். 1670களின் நடுவில் தொடங்கி 1855 வரை ஏறத்தாழ 180 ஆண்டுகள் அந்நகரில் அரியணையில் இருந்த போன்ஸ்லே மரபினரோ பெரும்பாலும் ஒரு பத்தியில் முடிந்துபோகின்றனர். மராட்டிய வரலாறு எழுதுவோர்க்குத் தஞ்சை தொலைதூரக் கிளை. தமிழக வரலாறு எழுதுவோர்க்கு அது வேற்று மொழியினர் ஆட்சி. குடியேற்ற ஆட்சிக்கால வரலாறு எழுதுவோர்க்கு, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஓய்வூதியம் பெற்ற அரசகுடும்பம். இம்மூன்று பார்வைகளிலிருந்தும் நழுவிய அரசவையை முழுமையாகக் காண்பதற்கே இக்கருத்தரங்கு கூட்டப்பட்டுள்ளது. ஓர் அரசவையின் பெருமையை அதன் படைவலிமையாலோ நிலப்பரப்பாலோ மட்டும் அளக்க இயலாது என்பதும், அது யாரையெல்லாம் ஒன்றுகூட்டியது, அவர்கள் கையால் எதை உருவாக்கியது என்பதே நீடிக்கும் அளவுகோல் என்பதும் இவ்வுரையின் மையக் கருத்தாகும்.

மராத்திய வீரர் சிவாஜியின் மாற்றாந்தாய்வழிச் சகோதரரான ஏகோஜி, பிஜப்பூர் சுல்தானின் படைத்தலைவராகத் தெற்கே வந்து, நாயக்கர் ஆட்சி சிதைந்திருந்த தஞ்சையைத் தம்வசமாக்கினார். அவருடைய மகன் சாகஜி (1684–1712), திருவிசநல்லூரை 1693இல் வடமொழிப் புலவர்களுக்கு அளித்துச் சாகஜிராஜபுரம் என்னும் பெயரில் அறிஞர் குடியிருப்பாக்கியதோடு, தெலுங்கிலும் மராத்தியிலும் தாமே நாடகங்கள் இயற்றினார். தமிழ், தெலுங்கு, மராத்தி, வடமொழி, இந்துஸ்தானி ஆகிய ஐந்து மொழிகளும் கலந்த ‘பஞ்சபாஷா விலாசம்’ அவர் பெயரில் வழங்குகிறது. அவருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் வந்த முதலாம் துளஜா (1728–1736), இசையிலக்கணம் கூறும் ‘சங்கீத சாராமிருதம்’ என்னும் நூலைத் தந்தார். வெற்றிபெற்றவரின் மொழியைக் குடிகள்மீது ஏற்றாமல், குடிகளிடையே வழங்கிய மொழிகள் அனைத்தையும் அவைக்குள் அழைத்த இப்போக்கு, அம்மரபின் இறுதிவரை தொடர்ந்தது.

இம்மரபின் மிகச் செழிப்பான அத்தியாயம், அது அதிகாரத்தை இழந்த பின்னரே எழுதப்பட்டது என்பதே ஆய்வாளர் கவனத்திற்குரியது. இரண்டாம் துளஜா 1787இல் இறப்பதற்குச் சற்று முன் தத்தெடுத்த சிறுவனே இரண்டாம் சரபோஜி. வாரிசுரிமைப் போட்டியில் துளஜாவின் மாற்றாந்தாய்வழிச் சகோதரர் அமர்சிங் அரியணை ஏறியதால், சரபோஜி செருமானிய மறைப்பணியாளர் சுவார்ட்சின் அரவணைப்பில் ஆங்கிலமும் மேலைக் கல்வியும் பயின்று, 1798இல் அரசுரிமை பெற்றார். மறுஆண்டே, 1799 அக்டோபரில் கையெழுத்தான உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சிப் பொறுப்பு கும்பினிக்குச் சென்றது. தஞ்சைக் கோட்டை மட்டும் மன்னருக்கு எஞ்சியது. ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திரப் பகோடா, அதாவது அக்காலத் தென்னகப் பொற்காசு, நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குடன் வழங்கப்பட வேண்டும் என முடிவாயிற்று.

வரிவசூலும் படைநடத்தலும் இல்லாத இந்நிலையில் 1832 வரை வாழ்ந்த சரபோஜி, தம் வருவாயையும் வாழ்நாளையும் அறிவைச் சேர்ப்பதில் செலவிட்டார். நாயக்கர் காலத்தில் தோன்றிய அரண்மனை நூலகமான சரசுவதி மகாலை, 1820களின் தொடக்கத்தில் மேற்கொண்ட காசி யாத்திரையில் திரட்டிய சுவடிகளாலும், ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த அச்சு நூல்களாலும் நிரப்பினார். நவவித்யா கலாநிதி என்னும் பெயரில் பள்ளியும் அச்சகமும் நிறுவினார். ஈசாப் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பு அவ்வச்சகத்தில் வெளிவந்தது. மருத்துவத்திற்கென அமைந்த தன்வந்திரி மகாலில் நாட்டு மருத்துவ முறைகள் தொகுக்கப்பட்டுப் பின்னர் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என நூல்வடிவம் பெற்றன. கண் நோயாளிகளின் நோய்க்குறிப்புகள், நோயுற்ற கண்களின் வண்ணப் படங்களுடன் இன்றும் அந்நூலகத்தில் உள்ளன. உலக நிலவியலைப் பாட்டாகக் கற்பிக்கும் ‘தேவேந்திரக் குறவஞ்சி’யை அவர் மராத்தியில் இயற்றியபோது, மலைவளம் பாடும் குறத்தியின் தமிழ்க் கூத்து வடிவம் கண்டங்களையும் நாடுகளையும் விளக்கும் பாடநூலாயிற்று. பெரிய கோயிலின் சுவரில் 1803இல் பொறிக்கப்பட்ட போன்ஸ்லே வம்ச சரித்திரம், இந்தியாவின் மிக நீண்ட கல்வெட்டுகளுள் ஒன்றாகும். ஆட்சி கைவிட்டுப்போன நான்கே ஆண்டுகளில் தம் குலவரலாற்றை அவர் கல்லில் பதித்திருப்பது, மறதிக்கு எதிரான திட்டமிட்ட செயலாகவே தோன்றுகிறது.

மன்னரோடு நின்றுவிட்டால் அரசவையின் கதை பாதியே சொல்லப்பட்டதாகும். பிரதாபசிங் (1739–1763) அவையில் விளங்கிய கணிகையர் குலத்துக் கவிஞர் முத்துப்பழனி, ‘ராதிகா சாந்துவனமு’ என்னும் தெலுங்குக் காவியத்தில் தம் குடும்பப் பெண்களின் மரபையும் பதிவு செய்தார். அதனைப் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் பதிப்பித்தபோது, ஆங்கில அரசு அதைத் தடைசெய்தது. சரபோஜியின் அன்புக்குரிய முத்தாம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் 1802இல் எழுந்த சத்திரம், வழிப்போக்கர்க்கு உணவும் உறைவிடமும் பிள்ளைகளுக்குக் கல்வியும் வழங்கியது. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தோர் நால்வர் அலாரிப்பு முதல் தில்லானா வரை ஒழுங்குபடுத்திய நிகழ்ச்சிமுறையே இன்று பரதநாட்டிய மேடைகளில் வழங்குகிறது. அதே நேரத்தில், கல்யாண மகால், மங்கள விலாசம் ஆகிய மாளிகைகளில் அரசரின் காமக்கிழத்தியராக வாழ்ந்த பெண்களுக்குத் தம் வாழ்வைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை எவ்வளவு இருந்தது என்னும் வினாவையும் இவ்வரங்கு தவிர்க்கலாகாது. கலையின் ஒளியைப் போற்றுவோர், அவ்வொளிக்கு எண்ணெயாக எரிந்தவர்களையும் எண்ண வேண்டும்.

சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி 1855இல் மறைந்ததும், வாரிசற்ற அரசுகளைத் தனதாக்கிக்கொள்ளும் கொள்கையின்படி கும்பினி தஞ்சை அரசைக் கலைத்ததோடு, அரண்மனைச் சொத்துகளையும் கைப்பற்றியது. மூத்த அரசி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்துச் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வென்றார். எனினும், இது அரசுச் செயல், நீதிமன்றம் இதில் தலையிட இயலாது எனக் கூறி இலண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் அத்தீர்ப்பை மாற்றியது. தனிச்சொத்துகள் 1862இல் அரசியர்க்குத் திருப்பியளிக்கப்பட்டன. பேரரசின் வழக்குமன்றங்களின் உச்சிவரை சென்று வாதிட்ட இவ்வரசியின் பெயர் சட்ட நூல்களில் நிலைத்திருக்கிறது. தஞ்சை மக்களின் நினைவிலும் அது இடம்பெற வேண்டும்.

இவ்வரசவையை மீட்டெழுதுவதற்கான சான்றுகள் குறைவல்ல. மோடி எனப்படுவது மராத்தியை விரைந்து எழுதப் பயன்பட்ட கூட்டெழுத்து. அவ்வெழுத்தில் அமைந்த அரண்மனைக் கணக்குகளும் ஆணைகளும் கட்டுக்கட்டாகத் தஞ்சையில் காக்கப்பட்டுள்ளன. அவற்றின் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியில் தமிழாக்கி வெளியிட்டது. ஆடல் மகளிரின் சம்பளம், சத்திரத்து அடுப்புக்கு வாங்கிய அரிசி, வைத்தியருக்கு அளித்த வெகுமதி எனப் பெருவரலாறுகள் ஒதுக்கிய செய்திகள் அங்கேதான் கிடைக்கின்றன. அவ்வெழுத்தைப் படிக்க வல்லோர் அருகிவரும் இக்காலத்தில், வரலாற்றுத் துறைகள் மோடி எழுத்துப் பயிற்சியை முதுகலைப் பாடத்திட்டத்திலேயே சேர்ப்பதும், தமிழ், தெலுங்கு, மராத்தி, வடமொழி வல்லுநர்கள் ஒரே ஆவணத்தைச் சேர்ந்திருந்து படிக்கும் முறையை உருவாக்குவதும் உடனடித் தேவைகளாகும். ஐந்து மொழிகளில் இயங்கிய அவையை ஒரு மொழியின் கண்கொண்டு மட்டும் காண்பது நீதியாகாது.

அடுத்து வரும் அமர்வுகளில் படிக்கப்படும் கட்டுரைகள், மன்னர் பெயர்ப்பட்டியலை நீட்டுவதோடு அமையாமல், அவையின் சமையலறை, சத்திரம், நாடகசாலை, மருத்துவமனை ஆகியவற்றில் உழைத்தவர்களின் பெயர்களையும் ஆவணங்களிலிருந்து வெளிக்கொணருமாறு அமைய வேண்டும் என்னும் வேண்டுகோளுடன், இக்கருத்தரங்கு தொடங்கிவைக்கப்படுகிறது.