அயல்நாட்டார் நூலும் நம் பிள்ளைகள் தொழிலும்

(இராஜபாளையத்தில் கூடிய நமது சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காரியதரிசி அவர்கள் நமக்கு இட்ட தலைப்பு 'பிள்ளைகளின் உத்தியோகம்' என்பது. அது விரிந்த விஷயமாதலால் ஒரு கிளையை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகிறோம். இவ்வூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம்மவர் வீடுகளில், "பெண் சென்னையில் கம்பெனியில் இருக்கிறாள்" என்கிறார்கள். என்ன கம்பெனியென்று கேட்டால் பெற்றோருக்கே சொல்லத் தெரிவதில்லை. விசாரித்தால் சில வீடுகளில் அது புத்தக வேலையாயிருக்கிறது.

இங்கிலாந்து, ஹாலந்து, அமெரிக்கா முதலிய தேசத்துப் பிரசுரகர்த்தர்கள், தங்கள் நூல்களையும் விஞ்ஞான சஞ்சிகைகளையும் அச்சுக்குச் சித்தஞ்செய்யும் வேலையை நம் நாட்டு ஸ்தாபனங்களிடம் ஒப்புவித்து வருகிறார்கள். புதுச்சேரியில் 1994ல் தோன்றிய இண்டெக்ராவும், சென்னையில் 1998ல் தோன்றிய டி.என்.கியூ.வும் இவ்வகையின. ஆசிரியர் எழுதிய பிரதி கம்பியூட்டர் வழியே வந்து சேரும். ஒருவர் மொழிப் பிழை களைவார். மற்றொருவர் தலைப்பு எது, அடிக்குறிப்பு எது, மேற்கோள் எது என்று ஒவ்வொன்றிற்கும் எக்ஸ்.எம்.எல். என்னும் முறைப்படி அடையாளக் குறி இடுவார். பின்னர்ப் படங்களைச் செப்பனிட்டுப் பக்கங் கட்டி, புரூப் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புவார்கள். குறியிட்ட அவ்வொரு பிரதியிலிருந்தே அச்சுப் புத்தகமும் இணையத்தில் படிக்கும் பிரதியும் பிறக்கும். லண்டன்காரர் மாலையில் அனுப்பிவிட்டுப் போய் மறுநாள் ஆபீசுக்கு வருமுன், இங்கே அரை நாள் வேலை நடந்திருக்கும். கூலி பெரும்பாலும் பக்கக் கணக்கு.

கடல் கடந்த அச்சு வேலை புதிதன்று. தரங்கம்பாடியில் 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதற்கு முன்னர், தமிழ் எழுத்துக்களை ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்திலேயே செதுக்கி வார்த்து அனுப்பினார்கள். இப்பொழுது அவர்கள் எழுத்தை நம் பெண்கள் கோக்கிறார்கள்.

அண்டையிலுள்ள சிவகாசியைப் பாருங்கள். 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டியதாயிற்று. லேபிளுக்காக அச்சுக்கூடம் எழுந்தது. அங்கிருந்து நாட்காட்டி, நோட்டு, பாடபுத்தகம் என்று ஏறிப் போனார்கள். ஆனால் ஈய எழுத்தை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கிக் கோத்த கம்பாசிட்டர்கள் எங்கே? கம்பியூட்டர் வந்ததும் அவர்கள் தொழில் போயிற்று. குறியிடும் வேலையையும் இன்று யந்திரமே கற்று வருகிறது. நாம் அஞ்சுவது இதற்கே.

இங்கே நம் வெட்கக்கேடு ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு மலரின் புரூப் வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்திட்டோம். மலர் வெளிவந்தபின் நம் தங்கை மகள், சென்னையில் இவ்வேலை பார்ப்பவள், விடுமுறையில் வந்து புரட்டினாள். "மாமா, மூன்றாம் பக்கத்தில் 'காலஞ்சென்ற' என்று போட்டிருக்கும் பெரியவர் பதினோராம் பக்கத்தில் இந்த வருஷக் கூட்டத்தில் மாலை போடுகிறாரே, இதை யார் பார்த்தது?" என்றாள். அச்சொல்லில் எழுத்துப்பிழை இல்லை. எழுத்துப்பிழை தேடும் யந்திரம் அதைக் கடந்தே போயிருக்கும். பதினாறு பக்கத்தில் முப்பத்தொரு பிழைகளைச் சிவப்பு மையால் குறித்துக் கொடுத்தாள். பெரியவர் வீட்டுக்கு மாலையும் பழமுமாய்ப் போய் மன்னிப்புக் கேட்டோம்; அந்தப் பிழை அச்சுக்கூடத்தாருடையதன்று, நம்முடையது.

இந்தப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள், "இராத்திரி வேலையா?" என்று முகஞ்சுளித்துப் போனார்கள். நம்மவர்களே. ஆஸ்பத்திரியில் இராத்திரி வேலை செய்யும் பெண்ணை மதிக்கத் தெரிந்த நமக்கு, புத்தகத்தின் முன் விழித்திருப்பவளை மதிக்கத் தெரியவில்லை. வேலையை விட்டால் சம்மதம் என்றும் ஒரு வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அவள் விடவில்லை, நாமும் விடச் சொல்லவில்லை.

ஆகவே கல்வி நிதியைக் குறித்து ஒரு விண்ணப்பம். விரைவாய்த் தட்டச்சிடவும் குறியிடவும் மாத்திரம் கற்பிக்கும் குறுகிய வகுப்புகளுக்குக் கடன் கொடுத்து வருகிறோம். அதைச் சுருக்கி, ஆங்கில இலக்கணத்தோடு இரசாயனமோ கணிதமோ வைத்தியமோ ஒன்றை ஆழப் படித்துக் காப்பி எடிட்டிங் பழக விரும்புவோருக்குக் கூடுதலாய்க் கொடுக்கவேண்டும். ஓராண்டில் முடிகிற படிப்பன்று. தவணையையும் நீட்ட வேண்டியிருக்கும். பொக்கிஷதார் அவர்கள் தலையசைப்பது இங்கிருந்தே தெரிகிறது. இசைவா மறுப்பா என்பது விளங்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூல்நிலையம் 1875 முதல் இருந்து வருகிறது. பழைய தமிழ் நூல்களின் கடைசியில் 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு பக்கம் இருப்பதைப் படிப்பவர்கள் அறிவார்கள். தாம் தவறியதைத் தாமே அச்சிட்டுக் காட்டிய பெரியோர் அவர்கள். வரும் இதழிலிருந்து நம் பத்திரிகைக்கும் அப்பக்கம் உண்டு. புரூப் பார்க்கும் பொறுப்பை நம் பெண்கள் மூவரிடம், பக்கத்துக்கு இவ்வளவென்று கூலி பேசி ஒப்புவித்திருக்கிறோம். தத்தம் பெயருக்கு முன்னுள்ள பட்டங்களை அவர்கள் வெட்டினால் கோபத்தை நம்மிடம் காட்டுங்கள். மலரில் காலஞ்சென்றவராக்கப்பட்ட பெரியவர், அச்சுக்குமுன் ஒரு தடவை தாமும் படித்துப் பார்க்க இசைந்திருக்கிறார்.