கோடு போட்டவன் யார்?

(ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



தேச எல்லை என்பது ஏதோ ஆண்டவனே கிழித்துவிட்ட கோடு என்பதாக நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். அப்படிப்பட்டவர்கள் குர்து ஜனங்கள் வாழும் மலைநாட்டு எல்லைகளை ஒருமுறை தாண்டிப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றேன்.

இன்று அந்நாடு துருக்கி, ஈராக், ஈரான், சிரியா என்கின்ற நான்கு சர்க்கார்களின் கையில் இருக்கின்றது. 1920-ம் வருஷத்து சேவர் உடன்படிக்கையில் குர்துகளுக்குத் தன்னாட்சிக்கு வழி எழுதினார்கள். 1923-ம் வருஷத்து லோசான் உடன்படிக்கையில் அந்தப் பேச்சையே காணோம். மூன்றே வருஷத்தில் ஒரு ஜனசமூகத்தின் தலையெழுத்து மாறிவிட்டதே, இதை எழுதியது பிரம்மனா, மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மந்திரிகளா?

1921-ல் பிரெஞ்சுக்காரரும் துருக்கியரும் பேசி, பாக்தாத் ரயில் பாதையையே நுசைபின் ஊர் வரையில் எல்லையாக வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு எதிர்ப்புறத்தில் காமிஷ்லி என்கின்ற ஊர் எழும்பிற்று. குர்துகளோ துருக்கிப் பக்கத்தைக் "கோட்டுக்கு மேலே" என்றும், சிரியாப் பக்கத்தைக் "கோட்டுக்குக் கீழே" என்றும்தான் சொல்லுகின்றார்கள். அண்ணன் மேலே, தம்பி கீழே!

இனி, துருக்கியின் சிலோப்பியிலிருந்து ஹாபூர் வாயிலைத் தாண்டி ஈராக்கின் ஜாக்கோவுக்குப் போகின்ற பிரயாணியைப் பாருங்கள். இரண்டு ஊரிலும் அவன் காதில் விழுவது குர்து பாஷைதான். ஈராக்கில் 2005-ம் வருஷத்து அரசியல் சட்டப்படி அது அரபியோடு சமமான சர்க்கார் பாஷை. துருக்கியிலோ 1983-ல் செய்த ஒரு சட்டத்தால் 1991 வரையில் அதில் ஒரு பத்திரிகை அச்சிடுவதும் குற்றம். பாலத்துக்கு இப்பால் குற்றம், அப்பால் கௌரவம்! இது என்ன நியாயம்?

2011 டிசம்பர் 28-ந் தேதி இரவு, ஈராக்கிலிருந்து கோவேறு கழுதைகளில் எண்ணெயும் சிகரெட்டும் ஏற்றிக்கொண்டு ரொபொஸ்கி கிராமத்துக்குத் திரும்பியவர்கள்மீது துருக்கி விமானங்கள் குண்டு போட்டன. 34 பேர் மாண்டார்கள், பலர் சிறுவர்கள். 2014-ல் இராணுவ வழக்கதிகாரிகள் யார்மீதும் வழக்கில்லை என்று கட்டை மூடிவிட்டார்கள். கொன்ற சர்க்காரை நடத்தினவர்களும் செத்தவர்களும் ஒரே மதத்தைச் சொல்லிக்கொள்ளுகின்றவர்கள்தான். அந்த மதம் ஒரு உயிரையாவது காப்பாற்றிற்றா?

"அப்படியானால் எல்லையே கூடாதென்கின்றாயா?" என்று சிலர் கேட்கலாம். வயலுக்கும் வரப்பு வேண்டும்தான். ஆனால் வரப்புப் போடுமுன் உழுகின்றவனைக் கேட்க வேண்டாமா? குர்துகளை யாரும் கேட்கவில்லை. மனிதன் போட்ட கோட்டை மனிதன் ஏன் என்று கேட்கலாம், மாற்றவும் செய்யலாம் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகின்றேன்.