சுவருக்குள் ஒரு சித்திரம்



என்ஜினியருக்கும் ஓவியத்துக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரில் பலாஸ்ஸோ வெக்கியோ என்று ஒரு பழைய மாளிகை. அதன் பெரிய மண்டபத்தில் 'அங்கியாரிப் போர்' என்ற ஓவியத்தைத் தீட்டும் பொறுப்பு 1503-ல் லியோனார்டோ டா வின்சிக்குத் தரப்பட்டது. அவர் 1506-ல் பாதியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். 1560-களில் ஜோர்ஜோ வசாரி அந்த மண்டபத்தைப் புதுப்பித்தார். சுவர்களில் இன்று இருப்பவை வசாரியின் போர்க் காட்சிகள்.

அப்படியானால் லியோனார்டோவின் ஓவியம் என்ன ஆயிற்று? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் மௌரிஸியோ செராச்சினி. அவரும் ஓர் என்ஜினியர்தான். வசாரி தீட்டிய ஒரு கொடியில், 'தேடு, கிடைக்கும்' என்ற பொருளில் இரண்டே இத்தாலியச் சொற்கள் இருப்பதை 1970-களில் அவர் கவனித்தார். பிறகு ரேடார் வைத்துப் பார்த்தார்கள். வசாரியின் சுவருக்குப் பின்னால் சிறிய இடைவெளி தெரிந்தது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு முன்னுதாரணமும் உண்டு. அதே ஊர் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில், மசாச்சோவின் 'திரித்துவம்' ஓவியத்தை வசாரி அழிக்காமல் முன்னால் ஒரு பீடம் எழுப்பி மறைத்தார். 1860-ல் அது வெளிவந்தது.

2011-ல் வசாரியின் ஓவியத்தில் சிறு துளைகள் போட்டு, எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டார்கள். கறுப்பு நிறப்பொருள் கிடைத்ததாக 2012-ல் அறிவித்தார்கள். ஆனால் கலை வரலாற்று அறிஞர்கள் பலர் எதிர்த்தார்கள். அதே ஆண்டு வேலை நின்றது. லியோனார்டோ அந்தச் சுவரில் வண்ணமே தீட்டவில்லை என்று 2020-ல் அறிஞர்கள் சிலர் சொன்னார்கள்.

தம்பி தங்கைகளே, இங்கேதான் நமக்குப் பாடம். 'உள்ளே இடைவெளி இருக்கு' என்று ரேடார் சொல்லும். 'லியோனார்டோ இருக்கார்' என்று அது சொல்லாது. அதை நாம்தான் ஆசையில் சேர்த்துக்கொள்கிறோம். இருக்கலாம் என்ற ஓவியத்துக்காக, இருக்கிற ஓவியத்தில் எவ்வளவு துளை போடலாம்? வேலையை நிறுத்தியது சரிதான் என்பது என் கருத்து.

அதற்காகத் தேடலைக் கைவிடச் சொல்லவில்லை. துளையே போடாமல் சுவருக்குள் தெளிவாகப் பார்க்கும் கருவியை இந்தக் கல்லூரி லேபிலிருந்து ஒருவர் செய்து காட்டட்டும். அதுவரை அந்தச் சுவர் பத்திரமாக நிற்கட்டும்.