தாழ்ந்த நிலம் யாருக்கு?



மும்பை என்றவுடன் எல்லை காண முடியாத பெருநகரம் ஒன்றே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. ஆயினும் கொலாபாவில் தொடங்கி மாஹிம், சயான் வரையில் முடிந்துவிடும் பழைய தீவு நகரம் மிகச் சிறியது. அதன் பரப்பு ஏறத்தாழ 68 சதுர கிலோமீட்டர். அதற்குள் 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஏறக்குறைய 31 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். அதாவது, சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 45,000 பேர். வானொலியில் சொல்லப்படும் எண்கள் செவியில் நிற்பதில்லை என்பதை அறிவோம். இந்த ஓர் எண்ணை மட்டும் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இந்நகரம் முன்பு ஏழு தீவுகளாக இருந்தது. கடல் உட்புகுந்த வாயில்களை அணையிட்டு அடைத்தும், சதுப்பைத் தூர்த்தும் தீவுகளை ஒன்றாக்கினர். ஹார்ன்பி என்ற கவர்னர் காலத்தில் எழுந்த கடற்சுவர் 1784 அளவில் முடிவுற்றது. கடல் விலகியது, ஆனால் அது விட்டுச் சென்ற பள்ளம் அப்படியே இருந்தது. பரேல், தாதர், நம்மவர் மிகுந்த மாட்டுங்கா ஆகிய இடங்களில் இன்றும் பெருமழை பெய்தால் தண்ணீர் வந்து தேங்குவது இதனால்தான். ஓதம் ஏறியிருக்கும் வேளையில் மழையும் கொட்டினால், வடிகால்களின் வாயைக் கடல்நீர் அடைத்துக்கொள்ளும். உள்ளிருக்கும் நீரை இயந்திரத்தால் இறைத்துத்தான் வெளியேற்ற வேண்டும்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளை மும்பையில் வாழ்ந்த எவரும் மறந்திரார். சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவிலோ சுமார் 73 மில்லிமீட்டர்தான்! தெற்கே அலுவலகங்களில் இருந்தவர்கள், வடக்கே தம் வீடு மூழ்குவதை அறியாமலே மாலையில் புறப்பட்டனர். மும்பையில் மட்டும் 400 பேருக்கு மேல் மாண்டனர். வெள்ளையர் காலத்து வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை, அதுவும் கடல் வற்றியிருக்கும் நேரத்தில், தாங்கும்படி அமைந்தவை. அதனை இரட்டிப்பாக்க வேண்டுமென்று 1993இலேயே அறிக்கை வந்துவிட்டது. வேலை சூடுபிடித்தது வெள்ளத்துக்குப் பின்புதான். இப்பொழுது ஹாஜி அலி முதலிய இடங்களில் நீரேற்று நிலையங்கள் உள்ளன. தாதர், பரேல் மைதானங்களின் அடியில் மழைநீரைத் தேக்கும் பெருந்தொட்டிகளும் உள்ளன. இவை நல்ல வேலைகளே. ஆயினும் மித்தி ஆற்றின் கதை வேறு. விமான நிலையத்திற்காக அதன் போக்கைத் திருப்பினர். அதன் கரையிலிருந்த சதுப்பைத் தூர்த்து மாளிகை போன்ற அலுவலகங்களை எழுப்பினர். ஆறு என்ன செய்யும்? தன் பழைய இடத்தைத் தேடி வந்தது.

அந்த ஆறு கடலோடு கலக்கும் மாஹிம் கழியின் தென்கரையில் இருப்பதுதான் தாராவி. முதலில் கோலி மீனவர்களின் ஊர். பின்னர் வேறு எவரும் விரும்பாத அந்தச் சேற்று நிலத்தில், தோல் பதனிடத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற நம்மவர்கள் குடியேறினர். மண்ணைக் கொட்டி நிலத்தை உயர்த்தியவர்கள் அவர்களே. விடியுமுன் எழுந்து இட்டலி அவித்து, சைக்கிளில் வைத்து நகரமெங்கும் விற்று வருகிறவர்களும் இங்கிருந்தே புறப்படுகிறார்கள். கீழே மாவரைக்கும் இடம், மேல்மச்சில் குடித்தனம்; தொழிலுக்கும் வீட்டுக்கும் இடையே ஓர் ஏணி, அவ்வளவே.

இந்த நெருக்கம் 2020இல் பேரழிவாகும் என்று பலரும் அஞ்சினர். ஏப்ரல் 1ஆம் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். பெரும்பாலோர் பொதுக் கழிப்பிடத்தையே நம்பியிருக்கும் ஊரில் விலகி இருப்பது எங்ஙனம்? மாநகராட்சி ஊழியரோடு, அங்கேயே சிறு மருத்துவசாலை நடத்திவந்த டாக்டர்களும் சந்து சந்தாகச் சென்று சோதித்தனர். பள்ளிக்கூடங்கள் தனிமை விடுதிகளாயின. ஜூலைக்குள் புதிய நோயாளிகள் வெகுவாகக் குறைந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று அறிந்த டாக்டரும் அண்டை வீட்டாரும் இருந்ததே பெருந்துணையாயிற்று என்பது நம் கருத்து. அந்த அறிமுகம் பல ஆண்டுகள் ஒரே இடத்தில் வாழ்வதால் வருவது. அதைக் கான்கிரீட்டைப் போல் ஒரே பருவத்தில் வார்த்தெடுக்க முடியாது.

இப்பொழுது தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் நடந்து வருகிறது. நல்ல வீடு, தனிக் கழிப்பறை, குழாய்த் தண்ணீர் ஆகியவற்றை வேண்டாமென்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அங்கு வாழ்வோர் நெடுங்காலம் காத்திருந்துவிட்டனர். ஆனால் விதியைக் கேளுங்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததாகச் சான்று உள்ளவர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசமாக உண்டு. பின்னால் வந்தோர்க்கும், மேல்மச்சில் வாழ்வோர்க்கும் வீடு வேறிடத்தில்தான். இட்டலிக்காரரின் ஏணி அங்கே முறிகிறது. அவர்களுக்கென 2024இல் மகாராஷ்டிர அரசு ஒதுக்க இசைந்த நிலங்களுள் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு ஆகிய இடங்களின் உப்பளங்கள் சுமார் 256 ஏக்கர். உப்பளம் என்பது ஓதநீரும் மழைநீரும் வந்து தங்கும் தாழ்ந்த நிலம். ஒருமுறை சேற்றை மேடாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் மற்றொருமுறை அதே வேலையைத் தொடங்க வேண்டியவர்களாகிறார்கள். அங்கு இதுகாறும் தங்கிவந்த தண்ணீர் எங்கே போகும் என்பதை, வீட்டுச் சாவியை வாங்குமுன் அவர்கள் கேட்டறிய வேண்டும்.